ஓவன் காயில் சென்னைக்குக் கொடுத்தது

சென்னையின் எஃப்சி 2014இல் தொடங்கிய கழகம். இத்தாலியர், ஆங்கிலேயர், ஹங்கேரியர், ஜெர்மானியர் என்று அதன் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்புக்கு வந்துபோனவர்கள் பலர். அவர்களில் ஒருமுறை போனபின் மறுபடியும் கூப்பிடப்பட்டவர் ஒருவர்தான்: ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் 1966இல் பிறந்த ஓவன் காயில். 2019 டிசம்பரில் வந்தவர் 2020 மார்ச்சில் அணியை இறுதிப்போட்டியில் கொண்டுபோய் நிறுத்தினார். 2023இல் திரும்பி வந்தார். 2025இல் போகும்போது அணி 13 அணிகளில் 11ஆம் இடத்தில் இருந்தது. மனிதர் அவரேதான், நகரமும் அதேதான். இரண்டு முடிவுகளுக்கும் இடையில் இத்தனை தூரம் எப்படி வந்தது என்று கேட்காமல் அவரைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

எங்கள் ஊரான களமருதூரில் இருந்துகொண்டு இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) ஆட்டத்தைச் சென்னை நேரு விளையாட்டரங்கில் போய்ப் பார்ப்பது அபூர்வம். ராத்திரி ஆட்டம் முடிந்து கிளாம்பாக்கம் போய் பஸ் பிடித்து உளுந்தூர்பேட்டையில் இறங்கும்போது விடிந்துவிடும். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கபடியும் கைப்பந்தும்தான் ஊர் விளையாட்டு. கால்பந்து செல்போன் வழியாகத்தான் வருகிறது. அப்படிப் பார்த்தவர்களிடம் காயில் பெயரைச் சொன்னால் இரண்டு விதமான பதில் வரும். ஒருவர் 2020ஐச் சொல்வார், இன்னொருவர் 2025ஐச் சொல்வார். இருவர் சொல்வதும் உண்மை. எது காயிலின் இயல்பு, எது விலக்கு என்று தீர்மானிக்க, சென்னைக்கு வெளியே அவர் செய்ததையும் எடுத்துப் பார்த்தாக வேண்டும்.

முதலில் 2019-20. ஜான் கிரிகோரி விட்டுச்சென்ற அணி ஆறு ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி கண்டிருந்தது. முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஆறில் சேர்த்து அடித்தது 4, வாங்கியது 10. காயில் வந்தபின் எஞ்சிய 12 லீக் ஆட்டங்களில் 7 வெற்றி, 3 சமன், 2 தோல்வி. அடித்த கோல் 28. இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது, ஆட்கள் பெரும்பாலும் அதே ஆட்கள் என்பதுதான். நெரியஸ் வால்ஸ்கிஸும் ரஃபேல் கிரிவெல்லாரோவும் அவர் வருவதற்கு முன்பே ஒப்பந்தமானவர்கள். கோலே தெரியாத அணியிலிருந்த அந்த வால்ஸ்கிஸ்தான் 15 கோல்களோடு அந்தப் பருவத்தின் தங்கக் காலணியை வாங்கினார்.

என்ன செய்தார் என்பதை ஆட்டத்தைப் பார்த்தவர்கள் சொல்லிவிட முடியும். பந்தை இழந்த இடத்திலேயே, எதிரணியின் பாதியிலேயே, மூன்று பேர் சேர்ந்து நெருக்கிப் பறித்தார்கள். கிரிவெல்லாரோவுக்கு இடம் குறித்துக் கொடுக்காமல் நடுக்களத்தில் விரும்பியபடி அலையவிட்டார். பக்கவாட்டு வீரர் சாங்தேயின் ஓட்டத்துக்கு முன்னால் வெட்டவெளி கிடைத்தது. நடுக்கள வீரர் அனிருத் தாபா நின்று பந்து வாங்குவதை விட்டு ஓடி வாங்கத் தொடங்கினார். சிக்கலான கணக்கு எதுவும் இதில் இல்லை. தன்னம்பிக்கை போயிருந்த வீரர்களுக்கு முன்னே போகும் தைரியத்தைக் கொடுத்தார், தவறினால் திட்டமாட்டேன் என்ற உறுதியையும் கொடுத்தார். பயிற்சியாளர் தொழிலில் இது பெரிய திறமை. இதைச் சாதாரணமாக நினைப்பவர்கள், அந்த அணியை முன்பு வழிநடத்திய கிரிகோரி 2017-18இல் கோப்பையே வென்றவர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கோப்பை வென்றவருக்குக் கைவராதது இவருக்குச் சில வாரங்களில் வந்தது.

ஆனால் வெளியேற்றும் சுற்று வந்ததும் இன்னொன்று தெரிந்தது. அரையிறுதியில் கோவாவுடன் சென்னையில் 4-1, ஃபடோர்டாவில் 2-4. மொத்தம் 6-5. மூச்சுமுட்ட வைத்த ஆட்டங்கள், பார்த்தவர் மறக்கமாட்டார்கள். மார்ச் 14ஆம் தேதி இறுதிப்போட்டி, கொரோனாவால் ஆளே இல்லாத அரங்கில். ஏடிகே 3, சென்னையின் 1. மூன்று ஆட்டங்களில் வாங்கிய கோல் 8. முன்னே போகும் தைரியத்தின் விலை பின்னால் இருந்தது.

இந்த விலை சென்னையில் புதிதாக வந்ததல்ல. காயிலின் வாழ்க்கை முழுவதும் இது கூடவே வருகிறது.

அவர் முன்கள வீரர். டம்பார்டனில் தொடங்கி ஏர்ட்ரி, போல்டன், டண்டி யுனைடெட், மதர்வெல் என்று ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் கோல் அடித்துப் பிழைத்தவர். 1994இல் அயர்லாந்துக்காக ஒரே ஒரு சர்வதேச ஆட்டம். 1995இல் போல்டன் வெம்பிளியில் ரெடிங்குக்கு எதிராக 0-2 என்று பின்தங்கி நின்ற பிளே-ஆஃப் இறுதியில் திருப்பத்தைத் தொடங்கிவைத்த முதல் கோல் அவருடையது. போல்டன் கடைசியில் 4-3 என்று வென்றது. முன்கள வீரராக இருந்தவருக்கு ஆட்டம் என்பது அடிக்கப் போகும் அடுத்த கோல்தான். பயிற்சியாளரானபின்னும் அந்தக் கண் அவரிடம் மாறவில்லை.

செயின்ட் ஜான்ஸ்டனில் அவர் கட்டிய அணி 2006இல் ரேஞ்சர்ஸை அதன் சொந்த ஐப்ராக்ஸ் மைதானத்திலேயே 2-0 என்று வீழ்த்தியது. அந்தப் பருவத்தின் கடைசி நாளில், பட்டத்துக்குப் போட்டியிட்ட கிரெட்னா அடித்த கடைசி நிமிடக் கோலால் ஒரு புள்ளியில் பட்டம் போனது. அங்கிருந்து 2007 நவம்பரில் பர்ன்லிக்கு வந்தார்.

பர்ன்லிதான் அவருடைய உச்சம் என்று நான் கருதுகிறேன், பிறகு வந்த ஜாம்ஷெட்பூரைவிடவும். பழைய பருத்தி ஆலை நகரம், சின்ன நகரம். 1976க்குப் பிறகு முதல் பிரிவையே பார்க்காத கழகம். 2008-09 லீக் கோப்பையில் செல்சியை அதன் அரங்கிலேயே பெனால்டியில் வெளியேற்றினார்கள், ஆர்சனலை 2-0 என்று தோற்கடித்தார்கள். அரையிறுதியில் டாட்டன்ஹாமிடம் முதல் ஆட்டத்தை 1-4 என்று இழந்துவிட்டு, திரும்ப வந்த ஆட்டத்தில் 90 நிமிடத்தில் 3-0. கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் வாங்கி வெளியேறினார்கள். அங்கே உடைந்துபோயிருக்க வேண்டிய அணி, மே மாதம் ரெடிங்கை இரண்டு ஆட்டத்திலும் ஒரு கோல்கூட வாங்காமல் தாண்டியது. வெம்பிளியில் வேட் எலியட்டின் ஒரே கோலால் ஷெஃபீல்ட் யுனைடெட்டையும் வென்று பிரீமியர் லீக் ஏறியது. ஆகஸ்டில் ராபி பிளேக் அடித்த கோலில் மான்செஸ்டர் யுனைடெட்டே பர்ன்லிக்கு வந்து தோற்றது.

அந்த பிளே-ஆஃபின் மூன்று ஆட்டங்களில் பர்ன்லி வாங்கிய கோல் பூஜ்யம் என்பதில்தான் இந்தக் கட்டுரையின் விடை இருக்கிறது. முன்னே பாயும் காயிலின் அணி எப்படிக் கோல் வாங்காமல் இருந்தது? அணித்தலைவர் ஸ்டீவன் கால்ட்வெல்லும் அவர் பக்கத்தில் கிளார்க் கார்லைலும் நின்றார்கள். இருவரும் நடுத்தடுப்பாட்டக்காரர்கள். கால்ட்வெல் ஒரு ஸ்காட்லாந்துக்காரர், வாய் ஓயாமல் பின்வரிசையை இழுத்துப் பிடித்து நிறுத்துபவர். காயில் முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டார், பின்பக்கத்தை அவர்களிடம் விட்டுவிட்டார்.

பிரீமியர் லீகில் அந்த இருவர் போதவில்லை. 2010 ஜனவரியில் காயில் கிளம்பும்போது பர்ன்லி வெளியூர் ஆட்டங்களில் எடுத்திருந்த புள்ளி ஒன்றே ஒன்று. அதுவும் மான்செஸ்டர் சிட்டியில் 3-3. சொந்த ஊரில் பாய்ந்து ஆடினால் கூட்டம் தூக்கிவிடும், வெளியூரில் அது இல்லை. வேறு ஒரு ஏற்பாடு வேண்டும் என்று அவர் அப்போது யோசித்திருக்க வேண்டும். மாறாக, பக்கத்து நகரமான போல்டனுக்குப் போய்விட்டார். பர்ன்லி அந்தப் பருவத்தில் கீழே இறங்கியது. அந்த ஊர் அவரைத் துரோகி என்றது. அது கோபத்தின் பேச்சு. தான் ஆடிய கழகம் கூப்பிட்டால் போவதில் துரோகம் எதுவும் இல்லை, அதற்கு முந்தைய கோடையில் செல்டிக் கூப்பிட்டபோது பர்ன்லிக்காகவே மறுத்தவரும் அவர்தான். ஆனால் பருவத்தின் நடுவில் போனதால், தான் எழுப்பியதை இறுதிவரை காக்கத் தெரியுமா என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காமலேயே போயிற்று.

போல்டன் அந்தப் பதிலைக் கொடுத்தது. இரண்டு பருவம் 14ஆம் இடம். ஜாக் வில்ஷரும் டேனியல் ஸ்டரிட்ஜும் கடனாக வந்து அவரிடம் மலர்ந்தார்கள். ஸ்டரிட்ஜ் 12 ஆட்டத்தில் 8 கோல். இளைஞர்களைத் தைரியப்படுத்துவதில் அவருக்கு நிகர் குறைவு. 2011 ஏப்ரலில் எஃப்ஏ கோப்பை அரையிறுதியில் வெம்பிளிக்கு அழைத்துப்போனார். ஸ்டோக் 5, போல்டன் 0. அடுத்த பருவம் கேரி கேஹில் ஜனவரியில் செல்சிக்கு விற்கப்பட்டார். பின்வரிசையை நிறுத்தும் ஆள் போனதும் எதுவும் நிற்கவில்லை. 38 ஆட்டத்தில் 77 கோல் வாங்கினார்கள். கடைசி நாளில் ஸ்டோக்கில் 2-1 என்று முன்னிலையில் இருந்து, ஒரு பெனால்டியில் 2-2 ஆகி, ஒரே ஒரு புள்ளிக் குறைவில் கீழே இறங்கினார்கள். அதே நேரத்தில் மான்செஸ்டரில் சிட்டிக்குப் பட்டம் தந்த அகுவேரோவின் கோலை உலகம் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே தோற்ற கியூபிஆர்தான் போல்டன் கோட்டைவிட்ட புள்ளியால் பிழைத்தது.

அந்தப் பருவத்தில் வேறொன்றும் நடந்தது. 2012 மார்ச் 17 அன்று டாட்டன்ஹாம் மைதானத்தில் போல்டன் வீரர் ஃபாப்ரிஸ் முவாம்பா மயங்கி விழுந்தார். 78 நிமிடம் இதயம் நின்றிருந்தது. அந்த நாட்களில் காயில் கால்பந்தைத் தள்ளிவைத்து முவாம்பாவின் குடும்பத்தோடு நின்றார், உடைந்துபோயிருந்த வீரர்களையும் அணைத்துப் பிடித்தார். ஒரு வாரம் கழித்து பிளாக்பர்னுடன் ஆட இறங்கி 2-1 என்று வென்றார்கள். பயிற்சியாளரை எடைபோடும்போது இதைத் தட்டில் வைக்கக்கூடாது என்பவர்கள் உண்டு. நான் வைப்பேன். ஏனென்றால் 2019இல் சென்னைக்குள் அவர் கொண்டுவந்ததும் இதே குணம்தான். வீரன் தன்னை மனிதனாகப் பார்க்கும் ஒருவருக்காக ஓடுகிறான்.

போல்டனுக்குப் பின் வந்த வருடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், அவற்றில் சொல்வதற்கு அதிகம் இல்லை. விகனில் அரைப் பருவம். ஹூஸ்டன் டைனமோவில் ஒன்றரை வருடம், பிளே-ஆஃப் எட்டவில்லை. பிளாக்பர்னிலிருந்து 2017 பிப்ரவரியில் வெளியே, அந்த அணி பருவ முடிவில் கீழே. ராஸ் கவுண்டியிலிருந்து 2018 மார்ச்சில் வெளியே, அதுவும் கீழே. நான்கும் உரிமையாளர் குழப்பமோ பணக் குறைவோ பழைய அணியின் சோர்வோ இருந்த இடங்கள் என்று அவர் சார்பில் வாதிடலாம். ஒன்றிரண்டில் அது நியாயமும்கூட. நான்கு இடத்திலும் ஒரே மாதிரி முடிந்ததை அந்த வாதம் விளக்காது.

இங்கே ஒப்பீட்டுக்கு ஒருவரை நிறுத்த விரும்புகிறேன். டேவிட் மோய்ஸ். 1963இல் கிளாஸ்கோவில் பிறந்தவர், காயிலின் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். ஆனால் அவர் தடுப்பாட்டக்காரர். செல்டிக்கில் தொடங்கி பிரெஸ்டனில் ஆடி, அங்கேயே 1998இல் மேலாளரானார். 2002இல் எவர்டன் போய் 11 வருடம் இருந்தார். கோப்பை ஒன்றும் இல்லை. ஆனால் 2004-05இல் நான்காம் இடம், அதன்பின் பெரும்பாலும் மேல் பாதி. அந்த அணிகள் பின்னாலிருந்து கட்டப்பட்டவை. யார் போனாலும் அடுத்தவர் எங்கே நிற்க வேண்டும் என்பது ஏற்கெனவே முடிவாகியிருந்தது. அவருக்கும் மான்செஸ்டர் யுனைடெட்டில் பத்து மாதத்தில் வேலை போனது, சண்டர்லாண்டில் 2017இல் அணி கீழே இறங்கியது. ஆனால் 2023இல் வெஸ்ட் ஹாமுக்கு ஐரோப்பியக் கோப்பை ஒன்று வாங்கிக்கொடுத்தார். 2025 ஜனவரியில் எவர்டன் அவரை மறுபடி அழைத்தபோது, 16ஆம் இடத்தில் தத்தளித்த அணி 13ஆம் இடத்தில் முடித்தது.

மோய்ஸ் அணியைப் பார்ப்பதைவிடக் காயில் அணியைப் பார்ப்பதே எனக்குப் பிடிக்கும், எந்த நாளிலும். மோய்ஸின் எவர்டன் எத்தனையோ பெரிய ஆட்டங்களில் தைரியமில்லாமல் தோற்றது. பின்னாலிருந்து கட்டுவதும் ஒரு குறையைக் கொண்டுவரும், மேலே போவதற்குப் பயம். ஆனால் இருவரும் தங்கள் பழைய வீட்டுக்குத் திரும்பியபோது நடந்ததில் பாடம் இருக்கிறது. மோய்ஸ் திரும்பிய இடத்தில் அவர் 11 வருடம் ஊன்றிய ஏதோ ஒன்று இன்னும் மிச்சம் இருந்தது. காயில் திரும்பிய சென்னையில் மிச்சமிருந்தது மூன்றரை மாதத்தின் நினைவு மட்டுமே.

காயிலுக்குக் கட்டத் தெரியாது என்று முடித்துவிட ஜாம்ஷெட்பூர் விடாது. 2020இல் அங்கே போனார், வால்ஸ்கிஸையும் அழைத்துக்கொண்டு. முதல் பருவம் ஆறாம் இடம். அதுவரை பிளே-ஆஃபே தொடாத அந்தக் கழகம் 2021-22இல் 20 ஆட்டத்தில் 43 புள்ளி எடுத்து, லீக் சுற்றில் முதலிடம் பெறும் அணிக்கான ஷீல்டை வென்றது. கடைசியில் தொடர்ந்து 7 வெற்றி. வால்ஸ்கிஸ் பாதியில் போய்விட்டார், ஆனாலும் தடுமாறவில்லை. ஈஸ்ட் பெங்காலில் பந்து கிடைக்காமல் தவித்த டேனியல் சிமா சுக்வு இங்கே வந்ததும் கோலாக அடித்தார். சொந்த நாட்டிலிருந்து கூட்டிவந்த கிரெக் ஸ்டீவர்ட் 10 கோல் அடித்து 10 கோலுக்கு உதவினார். எல்லாவற்றுக்கும் மேலாக, அடித்தது 42, வாங்கியது 21. ஷீல்டைத் தீர்மானித்த கடைசி ஆட்டத்தில் ஏடிகே மோகன் பகானை ரித்விக் தாஸின் ஒரே கோலால் 1-0 என்று வென்றார்கள். இது நான் இதுவரை சொன்ன காயில் அல்ல.

அப்படியா? அணித்தலைவர் யார் என்று பார்த்தால் பீட்டர் ஹார்ட்லி, ஆங்கில நடுத்தடுப்பாட்டக்காரர், கால்ட்வெல் மாதிரியே பின்வரிசையைக் குரலால் ஆள்பவர். பக்கத்தில் எலி சபியா, 2020இல் சென்னையில் காயிலிடம் ஆடியவர். ஆட்டங்கள் அனைத்தும் கோவாவில், கொரோனா கூட்டுக்குள், பயணம் இல்லாமல். வெளியூர் என்ற ஒன்றே இல்லாத பருவம். பர்ன்லியில் அவரைத் தோற்கடித்த பிரச்சினை இங்கே எழவே இல்லை. இதைச் சொல்வதால் ஷீல்டின் மதிப்பு குறையாது, எல்லா அணிக்கும் அதே நிலைமைதான். ஆனால் காயில் எந்தச் சூழலில் வெல்கிறார் என்பது இதிலிருந்து தெளிவாகிறது. தனக்குப் பின்னால் இன்னொரு தளபதி இருக்கும்போது வெல்கிறார். பெரிய வெற்றிகள் இரண்டுமே 1-0 என்பதும், பெரிய தோல்விகளில் 5, 4, 3 என்று கோல் கொட்டியதும் தற்செயல் அல்ல. அரண் ஒரு ஆளாக இருந்தது, முறையாக இருக்கவில்லை. ஆள் கிடைத்தால் அரண் கிடைக்கும், ஆள் போனால் அரணும் போகும்.

2023இல் இதற்கு இன்னொரு சாட்சி. கிளாஸ்கோவின் பழம்பெரும் கழகமான குயின்ஸ் பார்க், நூற்றைம்பது வருடம் சம்பளமில்லாமல் ஆடி 2019இல்தான் தொழில்முறைக்கு வந்தது. அதை மேல்பிரிவின் வாசல்வரை கொண்டுபோனார். கடைசி நாளில் டண்டியை வென்றால் பட்டம். ஆனால் 3-5 என்று தோற்றார்கள். பிறகு பிளே-ஆஃபிலும் தோல்வி. மூன்று கோல் அடித்தும் பட்டத்தை இழப்பது காயிலுக்கு மட்டும்தான் நேரும்.

அதே ஆண்டு ஜூலையில் சென்னை அவரைத் திரும்ப அழைத்தது. காரணம் புரிகிறது. அவர் போனபின் மூன்று பருவம், மூன்று பயிற்சியாளர்கள், மூன்றிலும் எட்டாம் இடம். அலுத்துப்போன ரசிகர்களுக்குத் தெரிந்த முகம் வேண்டியிருந்தது. இந்தமுறை ஆட்களை அவரே தேர்ந்தெடுத்தார். டண்டி யுனைடெட்டில் ஆடிய ரையன் எட்வர்ட்ஸ் அணித்தலைவர், பின்வரிசையில் லாசர் சிர்கோவிச், முன்னால் கானர் ஷீல்ட்ஸ், ஜோர்டான் மர்ரே. கிரிவெல்லாரோவும் திரும்பினார். 2023-24இல் 27 புள்ளியோடு ஆறாம் இடம். 2020க்குப் பிறகு முதன்முறையாக பிளே-ஆஃப், அங்கே கோவாவிடம் 1-2. அதுவரை சரி. அடுத்த பருவம் 24 ஆட்டத்தில் மறுபடி அதே 27 புள்ளி, பதினோராம் இடம். கடைசி ஆட்டத்தில் ஜாம்ஷெட்பூரை 5-2 என்று நொறுக்கினார்கள். பருவம் முடிந்தபின் ஐந்து கோல் அடிப்பதும் காயில் அணியின் அடையாளம்தான்.

அந்த இரண்டு வருடத்தில் அணியின் ஆட்டத்தில் எழுச்சி இல்லாமல் இல்லை. முன்னிலை எடுத்த ஆட்டங்களைக் காப்பாற்றத் தெரியவில்லை என்பதே குறை. ஹார்ட்லி செய்ததை எட்வர்ட்ஸால் செய்ய முடியவில்லை. அதற்காக எட்வர்ட்ஸைக் குறைசொல்வது நியாயமில்லை. ஒரு தடுப்பாட்டக்காரர் தன் குரலால் மட்டுமே ஒரு பின்வரிசையைக் காக்க வேண்டிய நிலையில் நிறுத்தப்பட்டால், பத்தில் ஏழு பேர் தோற்பார்கள். அவர் காயம்பட்டாலும் சோர்ந்தாலும் யார் எங்கே நிற்பது என்பதைப் பயிற்சியாளர் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். பதினெட்டு வருடம் மேலாளராக இருந்தவர், நடுவில் இருவரை மாற்றினால் சரிந்துவிடும் பின்வரிசையைத்தான் இன்னும் வைத்திருந்தார் என்பதே என் குற்றச்சாட்டு.

ஆகவே என் முடிவு இது. சரிந்த அணியை எழுப்பித் தருவதில் ஓவன் காயில் முதல் வரிசைப் பயிற்சியாளர். 2019-20இல் அவர் சென்னைக்குச் செய்தது ஐஎஸ்எல் வரலாற்றின் மிகச்சிறந்த மீட்புகளில் ஒன்று, இறுதியில் தோற்றதால் அது சிறுத்துவிடாது. ஒரு கழகத்தை வருடக்கணக்கில் கட்டுவதற்கு அவர் தகுந்தவர் இல்லை. பர்ன்லியிலிருந்து குயின்ஸ் பார்க் வரை சான்றுகள் இதைச் சொல்கின்றன, ஜாம்ஷெட்பூரும் உற்றுப்பார்த்தால் இதையேதான் சொல்கிறது. அவரை 2023இல் அழைத்தது மீட்புக்கு அல்ல, கட்டுமானத்துக்கு. பிழையின் பெரும்பங்கு அழைத்தவர்களுடையது. பக்கத்தில் தற்காப்பை மட்டும் கவனிக்கும் வலுவான துணைப் பயிற்சியாளர் ஒருவரை நிறுத்தியிருந்தால், மோய்ஸ் மாதிரிப் பழைய தடுப்பாட்டக்காரர் ஒருவரை, 2025 வேறு மாதிரி முடிந்திருக்கக்கூடும். அப்படி ஒருவரைக் கேட்காதது காயிலின் பங்கு.

இங்கிருந்து பார்க்கும் எனக்கு இன்னொரு தட்டும் இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரர்கள் இந்தியக் கால்பந்தில் நேற்று வந்தவர்கள் அல்ல. 1888இல் முதல் டூராண்ட் கோப்பையை வென்றது ராயல் ஸ்காட்ஸ் ஃபியூசிலியர்ஸ், தோற்றது ஹைலேண்ட் லைட் இன்ஃபண்ட்ரி. இரண்டுமே ஸ்காட்லாந்துப் படைகள். அவர்கள் பந்தை விட்டுச் சென்றார்கள், ஆட்டத்தைக் கற்றுக்கொண்டது நம்மவர்கள். காயில் தன் ஆட்டத்தை யாரிடம் விட்டுச் சென்றார்?

முதல்முறை வந்தபோது பதில் இருந்தது. எங்களுக்குப் பக்கத்து ஊரான நெய்வேலியின் எட்வின் வான்ஸ்பால், 2018-19 ஐ-லீகை ஒரு புள்ளி வித்தியாசத்தில் வென்ற சென்னை சிட்டி அணியில் ஆடியவர், 2019இல் சென்னையின் எஃப்சிக்கு வந்து அந்த இறுதிப்போட்டிப் பருவத்தில் அணியோடு வளர்ந்தார். ஆடம்பரம் இல்லாத வீரர், எந்த இடத்தில் நிறுத்தினாலும் நிற்பவர். 2017-18இல் கிரிகோரியின் அணியில் வியாசர்பாடியின் தன்பால் கணேஷ் இருந்ததுபோல, ஒரு தமிழ்ப் பெயர் அணியின் நடுவில் இருந்தது. 2023இல் காயில் திரும்பிய அதே கோடையில் வான்ஸ்பால் ஈஸ்ட் பெங்காலுக்குப் போய்விட்டார். அதன்பின் இரண்டு பருவம், முதல் பதினொருவர் பட்டியலை வாசிக்கும்போது இந்த மாநிலத்துப் பெயரைத் தேட வேண்டியிருந்தது.

இளைஞர்களைக் கண்டெடுப்பது தலைமைப் பயிற்சியாளரின் வேலையில்லை, அது கழகத்தின் இளையோர் பிரிவின் வேலை என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் ஸ்டரிட்ஜையும் வில்ஷரையும் தைரியப்படுத்தத் தெரிந்தவருக்கு, ஜாம்ஷெட்பூரில் ரித்விக் தாஸைப் பட்டத்தைத் தீர்மானிக்கும் கோலடிக்க வைத்தவருக்கு, இங்கே யாரையும் தர முடியாமல் போனது கழகம் அவருக்குச் செய்த அநீதி. காயிலிடம் கேட்டு வாங்கியிருக்க வேண்டிய ஒன்றே ஒன்றுதான் இருந்தது: பதினெட்டு வயதுப் பையனைப் பயமில்லாமல் ஆடவைக்கும் அந்தக் கை. 2025இல் அவர் போனபின் கழகம் கோவாக்காரரான கிளிஃபோர்ட் மிரண்டாவிடம் பொறுப்பைக் கொடுத்தது. நெய்வேலியிலும் வியாசர்பாடியிலும் நடுத்தடுப்பாட்டத்துக்குப் பழகும் பையன்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைக் கண்டெடுக்கும் வேலையைக் கழகம் இன்னும் தொடங்க வேண்டியிருக்கிறது.